பேய் நோம்பிக்குப் பூசணி தைக்கோணுமா, அம்முணி?

ஏனம்முணி, பள்ளிக்கூடத்துல இருந்து தாக்கீது வந்திருக்குதாமா? அக்டோபர் 31-ந் தேதி பொடுசுக எல்லாம் பேய் வேசங் கட்டி வரோணும், ஊட்டுல இருந்து ஆளுக்கொரு சோடனைச் சாமானும் கொண்டாரோணும்னு. நீயும் போனை எடுத்துப் பிளாஸ்டிக் பூசணிக்கு ஆர்டர் போட்டுட்டியாமா. பலே! குடியிருக்கறது திருப்பூர்ல. சன்னலைத் தொறந்தா நாலு பவர் டேபிள் தையல் கூடத்துச் சத்தம். பேய்க்கு மட்டும் சீனாவுல இருந்து பிளாஸ்டிக் வந்து எறங்கோணுமாக்கும்.

அந்த ஆர்டரை ரத்து பண்ணிப்போட்டு இந்தக் கெழவன் சொல்றதைச் சித்தெ கேளு. கேக்காட்டியும் குத்தமில்லை. என்ற மகனே கேக்கறதில்லை.

உன்ற மாமியா, "வெள்ளைக்காரன் பண்டிகை நமக்கெதுக்கு"ன்னு மொணங்கறாளாமா? அவகிட்ட ஒண்ணு கேளு. புது ஊடு கட்டறப்ப பூதத்து மூஞ்சிய எழுதி முன்னாடி தொங்கவுட்டது ஆரு? ஆயுத பூசை அன்னைக்குக் கம்பெனி வாசல்ல பூசணிக்காயில குங்குமத்தைக் கொட்டி, சூடம் பத்த வெச்சு, நட்ட நடு ரோட்டுல போட்டு ஒடைச்சது ஆரு? மறுநா அதுல வண்டி வழுக்கி உழுந்து முட்டி பேந்தவனைக் கேட்டுப் பாரு, எது பயங்கரம்னு. அவிங்க நோம்பியும் இப்படித்தான். அயர்லாந்துக் குடியானவன் அறுப்பு முடிஞ்சு குளிரு தொடங்கற ராத்திரியில கெழங்கைக் கொடைஞ்சு உள்ள வெளக்கு வெச்சான், கெட்டது அண்டாம இருக்கட்டும்னு. பூசணிகூட இல்லை, டர்னிப் கெழங்கு. 1845-ல இருந்து உருளைக்கெழங்கு அழுகிப் பஞ்சம் வந்து, அந்தச் சனம் அமெரிக்காவுக்குக் கூட்டங் கூட்டமாக் கப்பலேறுச்சு. அங்க பூசணி பெருசாவும் கொடையறதுக்கு லேசாவும் கெடைச்சுது. அம்புட்டுத்தான் சங்கதி. திருஷ்டிக்குப் பயந்தவன் எல்லா ஊர்லயும் இருக்கறான்.

இன்னொண்ணும் மாமியாகிட்டச் சொல்லு. அந்தப் பண்டிகைக்குச் சட்டை தைக்கறதே இந்த ஊருதான். சித்திரை வைகாசி வெயில்ல, பேன் காத்தும் அனலா அடிக்கறப்ப, நம்ம புள்ளைக மண்டையோடும் வவ்வாலும் அச்சடிச்ச பனியனுக்குப் பிசிர் வெட்டிட்டு இருக்கும். இருட்டுல மினுங்கற மை போட்ட எலும்புக்கூட்டை அடுக்கிப் பொட்டி போட்டு, தூத்துக்குடிக்குத் தாட்டி உட்டாத்தான் அவிங்க கடையில நேரத்துக்குத் தொங்கும். 2024-ல தீபாவளியும் அவிங்க பேய் நோம்பியும் ஒரே நாளு, அக்டோபர் 31. நம்ம சனம் போனசை வாங்கிட்டு ஊருக்குப் பஸ் ஏறியாச்சு. அவிங்க ஊர்ல நாம தச்ச பேயி தெருவுல மிட்டாய் கேட்டுச்சு. அடுத்த வருசம் ஆகஸ்ட் 27-ல அமெரிக்காக்காரனுக நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதமா ஏத்துனானுகளே, பேய்க்குச் சட்டை போட்டுவுட்டது நாம, பயமுறுத்துனது அவனுக.

சரி, வேலைக்கு வா. காதர்பேட்டைப் பக்கம் போயி ஏத்துமதியில கழிச்ச துணி விக்கறவன்கிட்ட ஆரஞ்சு ரிப் கேளு. கெலோக் கணக்குல குடுப்பான். வெல சொன்னதும் பல்லைக் காட்டிட்டு நிக்காத, பாதியில இருந்து ஆரம்பி. வட்ட மெசின்ல ஓடுன துணி குழாயாவே வரும் பாரு, பக்கத்தை வெட்டாத அந்தக் குழாயாப் பாத்து எடு. மத்த ஊர்க்காரி நீளத் துணியை மடிச்சு, பக்கத்தைத் தச்சு, அப்பறந்தான் பூசணிக்கு வருவா. உனக்குப் பக்கத் தையலே கெடையாது. நெட்டிங்காரன் முன்னமே பாதிப் பூசணியப் பண்ணி வெச்சிருக்கறான்.

குழாயைப் படுக்கப் போடு. அகலம் எத்தனையோ உசரமும் அத்தனையே வெச்சுச் சதுரமா வெட்டு. ஒரு வாயைச் சுத்தி கையாலயே ஓட்டத் தையல் போட்டு, இழுத்துச் சுருக்கி, முடிச்சுப் போடு. மெல்லிசான கோன் நூலு இழுத்தா அறுந்துக்கும். கோணி தைக்கற நூலா எடுத்துக்க. உள்பக்கம் வெளிய வர்றாப்பல பொரட்டு. அடியில ஒரு புடி புளியங்கொட்டை போட்டா ஒக்காந்த எடத்துல ஒக்காரும். மேல கட்டிங் வேஸ்ட்டைத் திணிக்கறேன்னு கட்டி கட்டியா அமுக்காத. ஓவர்லாக் மெசின் கத்தி அறுத்துப் போடற பிசிரு ஒரு சாக்கு கேட்டா எந்தப் பவர் டேபிள்காரனும் வேண்டாம்னு சொல்ல மாட்டான். அதைப் பிரிச்சுப் பிரிச்சு அடை. மேல்வாயையும் சுருக்கிக் கட்டி, நூலை அடியில இருந்து மேல வரைக்கும் எட்டுத் தடவை சுத்தி இறுக்கு. பள்ளம் உழுந்து காய் மாதிரி ஆயிரும். காம்புக்கு பருத்திமாறு ஒரு துண்டு செருகு. பருத்தியில பொறந்த பூசணிக்குப் பருத்தியிலயே காம்பு, வேற எவ ஊட்டுப் பூசணிக்கு இந்தக் கவுரதை உண்டு?

வவ்வாலுக்குக் கருப்பு இன்டர்லாக் எடு. வெட்டுன ஓரம் சுருளாது, லேசுல பிரியாது, மடிச்சுத் தைக்கற மெனக்கேடு இல்லை. சிங்கிள் ஜெர்சியில வெட்டினியோ, ஓரம் சுருண்டு றெக்கையும் இல்லாம காலும் இல்லாம கெடக்கும். மெசின்ல தைக்கறதுன்னா மொனை மழுங்குன பால் பாயிண்ட் ஊசி போடு. கூர் ஊசி பனியன் துணியோட கண்ணிய அறுத்துப்போடும். தைக்கறப்ப தெரியாது, இழுத்தா ஓட்டை ஓட்டையா நிக்கும். நீடில் கட்டுன்னு செக்கிங்காரி கழிச்சுப்போடற கேசு அதுதான். பேய்க்கு ஓட்டை அழகுதான்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனாக்க, அது தெரிஞ்சு வெட்டுன ஓட்டையா இருக்கோணும்.

வெள்ளைப் பேயி இன்னுஞ் சுலுவு. பருத்திப் பனியன் துணியை மைதாக் கஞ்சியில முக்கி, சொம்பைக் கவுத்து அதுமேல போட்டு வெயில்ல வை. காஞ்சதும் சொம்பை உருவிட்டா பேயி தானா நிக்கும். பாலியஸ்டருன்னா கஞ்சி புடிக்காது, பேயி மப்புல சாயற மாதிரி சாயும். எதுன்னு தெரியலைன்னா ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாரு. பருத்தி, காயிதம் பொசுங்குன நாத்தம் அடிச்சுச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியா நிக்கும்.

ஆரஞ்சு கெடைக்கலைன்னு மட்டும் ஊட்டுல சாயங் காச்சிப் பொடக்காளியில ஊத்தாத. சாயப்பட்டறைக்காரங்க ஊத்துன ஊத்துக்கு ஒரத்துப்பாளையம் அணையே சாயக்குட்டை ஆச்சு. 2011 சனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறையெல்லாம் இழுத்துப் பூட்டச் சொல்லுச்சு. பெரிய பெரிய மொதலாளிகளே அன்னைக்கு நடுங்குனாங்க. நீ ஒரு பூசணிக்கோசரம் நொய்யல் ஆத்தைப் பகைச்சுக்காத. பழைய காவி வேட்டி இருந்தா வெட்டிக்க. சாமியாரு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத.

விளையாட்டு போகட்டும், ஒண்ணை மட்டும் நெசமாக் கேட்டுக்க. பேய் மூஞ்சிக்குள்ள மெழுகுவத்தி வெக்காத. 2014-ல இங்கிலாந்துல டி.வி.யில வர்ற ஒரு அம்மாவோட மக, இதே நோம்பிக்குச் சூனியக்காரி உடுப்பு போட்டு மெழுகுவத்தி ஓரமாப் போயி, துணியில தீப்புடிச்சு ரொம்பக் காயப்பட்டுப் போச்சு. அமெரிக்காவுக்குப் போற கொழந்தைகளோட ராத்திரிச் சட்டை ஏன் அத்தனை ஒட்டுனாப்பல இருக்குதுன்னு தையல்காரனுக்கு ஒத்தாசை பண்ற கைமடிப் புள்ளைகளைக் கேட்டா, மொதலாளி துணிய மிச்சம் புடிக்கறாருன்னு சிரிக்கும். அது மிச்சமில்லை, அந்த ஊருச் சட்டம். தொளதொளன்னு தொங்கற துணி வெகு சீக்கிரம் தீயப் புடிக்கும். அதனால ஒம்பது மாசக் கொழந்தைக்கு மேல 14-ம் சைசு வரைக்கும், துணி தீத்தாங்கறதா இருக்கோணும், இல்லாட்டி ஒடம்போட ஒட்டி இருக்கோணும். உன்ற பேயிக்கு பாட்டரி பல்பு போதும். அதுவே வேணுங்கற அளவுக்கு மொறைக்கும்.

எல்லாம் முடிஞ்சு நவம்பர் ஒண்ணாந் தேதி ஆச்சுன்னா, அந்தப் பூசணியக் குப்பையில வீசிப்போடாத. திண்ணையில சாஞ்சா எனக்குக் கழுத்துப் புடிக்குது. ரெண்டாத் தச்சு வை அம்முணி, ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கு, ஒண்ணு இங்க தாட்டி உடு. புளியங்கொட்டை மட்டும் என்றதுக்கு வேண்டாம்.