நாற்பது வாட் ஆச்சி

திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மொத்தம் மூன்று குண்டு பல்புகள், மூன்றும் 40 வாட். எட்டு மணிக்கு மேல் அவை எரிந்தால் தாத்தாவுக்கு நெஞ்சு எரியும். ஆச்சிக்கு அது ஒரு குறையே இல்லை. விடிந்ததும் முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் நான் வேண்டும்.

"ஏல, இதக் கோத்துக் குடுல."

"இவ்ளோ வெயில்லயுமா ஆச்சி தெரியல?" என்று சிரிப்பேன். இரவு எட்டரைக்குத் திண்ணையில் அவள் குறட்டை கேட்கும்.

இப்போது எனக்கு 70. சென்னையில் மகன் வீட்டில் என் அறைக்கு மட்டும் ஏழு விளக்குகள். பேரன் குரல் கொடுத்தால் எரிகின்றன. என் குரல் அவற்றின் காதில் விழுவதில்லை. ஏசி குளிர் போகாமலிருக்கப் பகலெல்லாம் திரை மூடியிருக்கும். வெளியே வெயில் லட்சம் லக்ஸ் வரை கொட்டும்போது, என் நாற்காலிக்கு 300 தேறினால் பெரிது. இரவு ஏழுக்குத்தான் அறை கல்யாண மண்டபம் மாதிரி களைகட்டும், வெள்ளை வெளேரென்று. டைல்ஸில் விளக்கு பளபளக்க, தண்ணீர் கொட்டிக் கிடக்கிறதென்று சுவரோரமாக நடக்கிறேன். ஒரு மணி வரை தூக்கம் இல்லை.

மாத்திரை கேட்கப் போன இடத்தில் டாக்டர் கணக்குச் சொன்னார். வயதானால் கண்ணின் பாவை சுருங்கும், லென்ஸ் மஞ்சளிக்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60இல் போய்ச் சேரும். அதனால் பகலில் எங்களுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். இரவிலோ, நீலம் தூக்கலான வெள்ளை வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனினைச் சுரக்கவிடாது.

நீல எல்இடிக்கு 2014இல் நோபல். அது குழப்பிவிடும் உடம்புக் கடிகாரத்தை விளக்கியவர்களுக்கு 2017இல் நோபல். முற்றத்தில் உட்கார்ந்தே கடிகாரத்தைச் சரியாக ஓட்டிய ஆச்சிக்கு ஒரு புது முறம்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி ஆடவும் முடியாது. ஆச்சி படுக்கையில் விழுந்ததே, இரவில் கொல்லைக்குப் போகும்போது படி தெரியாமல் இடுப்பை முறித்துக்கொண்டுதான்.

இப்போது காலையில் என் நாற்காலி பால்கனியில். பேரன் ஊசியில் நூல் கோத்துத் தருகிறான், சிரித்துக்கொண்டே. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், பகலில் திரையை விலக்குங்கள். இரவில் குளியலறைக்குப் போகும் வழியில், தரையோரமாக மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று எரியட்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டால் அந்தக் கரண்டும் மிச்சம். தாத்தா ஆத்மா சாந்தியடையும்.