நெத்தலிக்கு விடுதலை

குறிஞ்சாக்கேணி வாசகர்: வாப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி மூணு மாசம். எக்ஸ்ரேயில, புது மூட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கு. "நெத்தலியும் கல்சியக் குளிசையும் குடுத்துக் குடுத்து நீங்கதான் வளர்த்தீங்க" என்று மாமி சண்டை. உண்மையா?

நெத்தலியை விடுதலை செய்யுங்கள். 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க டொக்டர், சுண்ணாம்புச் சத்தை முழுக்க எடுத்துவிட்ட எலும்புத் துண்டைத் தசைக்குள் வைத்துப் பார்த்தார். அங்கேயும் புது எலும்பு முளைத்தது. வேலையைத் தொடங்கியது சுண்ணாம்பு அல்ல, எலும்புக்குள் இருக்கும் ஒரு புரதம். மூட்டு மாற்றும்போது தசை நசுங்கும், எலும்புத்தூள் சிந்தும். பக்கத்திலுள்ள இளம் கலங்கள், இங்கேயும் எலும்பு கட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடும். மாமி கேட்டால், மேசன் பிழை, மணல் லொறி பிழையில்லை என்று சொல்லுங்கள்.

அதே வாசகர்: எல்லாருக்கும் வராதது வாப்பாவுக்கு மட்டும் ஏன்?

அவர் ஆண் என்பதே முதல் காரணமாக இருக்கலாம். பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகம். முதுகெலும்பு மூங்கில் போல இறுகும் வாதம் உள்ளவர்கள், தேய்ந்த மூட்டின் ஓரத்தில் ஏற்கெனவே எலும்பு முள் தள்ளியவர்கள், அதே இடுப்பில் முன்பு முறிவோ சத்திரசிகிச்சையோ கண்டவர்கள், இவர்களுக்கும் வாய்ப்புக் கூட. தலையிலோ முள்ளந்தண்டிலோ பலத்த காயம் பட்டால் மூட்டு மாற்றாமலே வரும். முதலாம் உலகப் போரில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த சிப்பாய்களிடம் இதைக் கண்டு 1918இல் எழுதியவர்களில் ஒருவர் ஒகுஸ்தா டெஜெரின்-குளும்ப்கே என்ற பெண் டொக்டர். போர் பார்த்த நம் நாட்டுக்கு இது அந்நியக் கதையல்ல.

கிண்ணியா வாசகி: ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. 1973இல் புரூக்கர் குழுவினர் வகுத்த நான்கு படிகளில் முதல் இரண்டில் நிற்பவர்கள், எக்ஸ்ரே எடுக்காவிட்டால் அறியவே மாட்டார்கள். நான்காம் படியில் மூட்டே பூட்டிக்கொள்ளும்.

மூதூர் வாசகர்: எண்ணெய் போட்டு உருவினால் கரையுமா?

கரையாது. முழங்கையில் அடிபட்ட பிள்ளையை அழ அழ உருவி, தசைக்குள் எலும்பு கட்டி, கை மடங்காமல் போன கதைகள் நம் பக்கம் நிறைய. நொந்த தசையை மேலும் நோகடிப்பது எலும்புக்கு அழைப்பிதழ்.

குறிஞ்சாக்கேணி வாசகர் (மூன்றாம் முறை!): மற்றப் பக்கமும் மாற்ற வேணுமாம். இந்த முறை தடுக்கலாமா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் வந்தவருக்கு மறுபக்கம் வரும் வாய்ப்பு மிக அதிகம். தடுக்க வழி இரண்டு. ஒன்று, இந்தோமெதசின் போன்ற குளிசை சில வாரம். வயிற்றுப்புண்ணோ சிறுநீரக நோயோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மற்றது ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு. கதிர் என்றதும் ஊர், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று குசுகுசுக்கும். இது புற்றுநோய்க்கு அல்ல. சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் அல்லது பிந்திய மூன்று நாளுக்குள் கொடுத்தால்தான் பலன். வளர்ந்த பக்கத்துக்கு அந்த பஸ் போய்விட்டது. மிகவும் இடைஞ்சல் என்றால், எலும்பு முற்றும்வரை பொறுத்து வெட்டி எடுப்பார்கள்.

டொக்டரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். அலுமாரிக்கு மேலே தேடுங்கள். 2019 டிசம்பர் கிரகணத்தன்று அதன் வழியே சூரியனைப் பார்த்த வீடுகள் எனக்குத் தெரியும். கண்ணுக்கு அது கூடாது, இடுப்புக்கு மட்டும் உதவும்.