ஹலோ, மைக் டெஸ்டிங்

வடசென்னையில் மைக்செட்காரரைக் கூட்டத்தில் தேடவேண்டியதில்லை. கல்யாணமோ கருமாதியோ கட்சிக் கூட்டமோ, எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் கடைசியாகப் போகிறவர் அவர்தான். சட்டைப்பையில் டெஸ்டர், மணிக்கட்டில் வளையல்போல இன்சுலேஷன் டேப், தோளில் சுருட்டிய வயர். படகுக்காரர்கள் 1829இல் எழுப்பிய ராயபுரம் பீட்டர் கோயிலில் திருவிழா என்றாலும் அவர்தான். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பக்கம் ஆடிக்கூழ் என்றாலும் அவர்தான். எண்ணூரில் ஆலை வாசலில் கேட் மீட்டிங், அன்று ராத்திரியே காசிமேட்டில் சாவு வீட்டுக் கானா என்றாலும் அதே பாக்ஸ், அதே ஆம்ப், அதே மீன்பாடி வண்டி. காலையில் மாதாவுக்குப் பாடிய மைக் மாலையில் மார்க்ஸுக்கு முழங்கும். நடுவில் துண்டால் ஒரு துடை துடைப்பார், மதமாற்றம் முடிந்தது. இத்தனை பேருக்குக் குரல் கொடுப்பவர் தன் சொந்தக் குரலில் பேசும் வசனம் ஒன்றே ஒன்று: "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." நாலாவது எண்ணுக்கு அவர் போனதாகத் தகவல் இல்லை.

ஒலித் தொழில்நுட்பக் கம்பெனிகள் இப்போது பணியிடத்தில் எல்லோரையும் அரவணைப்பது பற்றி நிறையப் பேசுகின்றன. அதற்குத் தமிழில் 'உள்ளடக்கம்' என்று ஒரு சொல்லைப் பிடித்திருக்கிறார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் கிடந்த சொல், பாவம், மனிதவளத் துறைக்கு மாற்றலாகி வந்துவிட்டது. கண்ணாடிக் கட்டடத்தில் நடக்கும் அந்தப் பேச்சு அங்கேயே இருக்கட்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை உண்மையான ஒலித் தொழில்நுட்பக் கம்பெனி என்பது சந்துக்குள் ஒற்றை ஷட்டர் போட்ட சவுண்ட் சர்வீஸ்தான். வாடிக்கையாளர் விஷயத்தில் அதைவிடப் பரந்த மனம் எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. எந்தச் சாதி, எந்தக் கொடி, எந்தச் சாமி என்று கேட்காது, அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்கும். ஊருக்கெல்லாம் மைக் கொடுக்கிற அந்தக் கடைக்குள் மட்டும் எவருக்கும் மைக் கிடையாது என்பதுதான் விசேஷம்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் பதவிப் பெயர் ஒன்றே: பசங்க. பதினெட்டு வயதுக்காரனும் பையன், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நாற்பத்தைந்து வயதுக்காரரும் பையன். ஆனால் பசங்களுக்குள் படிக்கட்டு உண்டு. முதலில் பாக்ஸ் தூக்க வேண்டும். பிறகு கம்பம் ஏறி டியூப்லைட் கட்டலாம். அதன்பின் வயர், அதன்பின் ஜெனரேட்டர். ஆம்ப் பக்கம் உட்கார ஒரு தலைமுறை ஆகும். மிக்சரைத் தொடுவது ஓனருக்கு மட்டும் உள்ள பாத்தியதை, கர்ப்பக்கிரகம் மாதிரி. அகுஜா ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். அது எல்லைக்கோடு. ஓனர் டீ குடிக்கப் போகும்போது எல்லாக் குமிழையும் சைபருக்குத் திருப்பிவிட்டுப் போவார். எந்தப் பாடகருக்கு எவ்வளவு பேஸ் என்பது குலரகசியம். "அண்ணே, மைக் கூவுது" என்று பையன் சொன்னால், "உன்ன எவன்டா கேட்டான், வயரப் புடி" என்று பதில் வரும். ஒரு நிமிடம் கழித்து, பையன் சொன்ன அதே குமிழை, தனக்கே தோன்றியதுபோலக் குறைப்பார். கண்ணாடிக் கட்டடத்திலும் இதே காட்சி உண்டு. அங்கே 'டா' மட்டும் இருக்காது.

இது சின்னத் தொழில், இதில் போய்ப் பணியிடப் பண்பாடு பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்கக் கூடாது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பக்கத்துப் பெரம்பூரில், பஞ்சாலைத் தொழிலாளிகளிடையே பிறந்தது. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கொடியைச் சென்னைக் கடற்கரையில் ஏற்றினார். அந்தக் கொடியின் வாரிசுகள் ஆலை வாசலில் எட்டு மணி நேர வேலையைப் பற்றி இன்றும் முழங்கும்போது, மேடைக்குக் கீழே விடிகாலை முதல் வயர் பிடித்துக்கொண்டிருப்பவன் மைக்செட் பையன். பேச்சு முழுவதையும் அவனைவிடக் கவனமாகக் கேட்டவர் யாருமில்லை, ஏனென்றால் அவனால் எழுந்து போக முடியாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. நம் பையனுக்கு அதற்கு முன்பிருந்தே இருக்கை உண்டு: பேஸ் பாக்ஸ். பாட்டு ஓடும்போது சட்டமும் அதிரும், முதுகெலும்பும் அதிரும்.

காது கதை இன்னும் மோசம். ஆலைக்குள்ளே எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு. சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்று. ஆலைக் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு கஜம் தள்ளி, பாக்ஸின் வாய்க்கு நேரே நிற்கிற பையனுக்கு அந்தச் சட்டத்தின் காது எட்டாது. பஞ்சை அடைத்துக்கொண்டால் "பாட்டு எப்டிடா கேக்கும்?" என்று ஓனர் கோபிப்பார். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் செவித்திறன் குறைந்தவர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தக் கணக்கில் அவர்களுக்கு வேலை கொடுக்கும் முன்மாதிரி முதலாளி என்று இவருக்கு ஒரு விருதே தரலாம். அவர்களை உற்பத்தி செய்ததும் இவர்தான் என்பதை மேடையில் சொல்லாமல் விட்டால் போதும்.

கடையில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டால்தான் ஓனர் உண்மையாகவே வியப்படைகிறார். ராத்திரி வேலை, பளு தூக்கணும், வம்பு வரும் என்று மூன்று காரணம் சொல்வார், ஒன், டூ, த்ரீ மாதிரியே. முதலிரண்டுக்கும் பதில் அவருடைய கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காசிமேட்டில் பின்னிரவிலேயே ஏலம் தொடங்கிவிடும். கூடை தூக்கி, விலை பேசி, ஐஸ் அள்ளிப்போட்டு அங்கே நிற்பவர்களில் பெண்கள் ஏராளம். நனைந்த மீன்கூடையின் எடை எந்த பாக்ஸுக்கும் இளைத்ததல்ல. ஆலையில் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற சட்டப்பிரிவையே சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் செல்லாது என்று தீர்த்துவிட்டது. மூன்றாவது காரணம், வம்பு. அது மெய்தான். ஆனால் வம்பு செய்கிறவனை விட்டுவிட்டு, வம்புக்கு ஆளாகிறவளை வீட்டில் உட்காரவைப்பது எந்த ஊர்க் கணக்கு?

மேடையில் கதை மாறிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். ராயபுரத்தின் இசைவாணி, 2017இல் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா பாடி, ஆண்களின் சொத்தாக இருந்த பாட்டை எடுத்துக்கொண்டார்; பிபிசி 2020இல் தன் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. சினிமா ஒலிக்கூடத்தில் கீதா குரப்பா போன்றவர்கள் மிக்சர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தெருவில் மட்டும், பெண் பாடலாம், குமிழைத் திருகுவது ஆணாகவே இருக்கும். பாடுபவரின் குரல் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குமிழ்தான்.

மைக்செட்காரரை வில்லனாக்க என் மனம் ஒப்பவில்லை. அவர் நிலைமையும் கஷ்டம்தான். கட்சிக்காரர் பாக்கி தேர்தல் தோற்றால் வராது, ஜெயித்தால் கேட்க முடியாது. ராத்திரி பத்து அடித்தால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோடு போலீஸ் வந்துவிடும்; கூழ் ஊற்றுகிறவர்களோ "இன்னும் ஒரு பாட்டு நைனா" என்பார்கள். ஆனாலும் அவர் மாறாத மனிதர் என்று மட்டும் சொல்ல முடியாது. குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிப்போட்டு பாக்ஸுக்கு வந்தார், கேசட்டை விட்டுப் பென் டிரைவுக்கு வந்தார். டிஜிட்டல் மிக்சர் என்ற பெயரை முதலில் கேட்டபோது சிரித்தவர், அடுத்த ஆடிக்குக் கடன் வாங்கி அதையும் வாங்கினார். கொள்கை மாற்றமெல்லாம் இல்லை, பார்ட்டி கேட்டது, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த விசேஷத்துக்கு மைக்செட் பேசும்போது, எத்தனை பாக்ஸ், எத்தனை மைக் என்பதோடு, மிக்சருக்கு ஒரு பெண்ணை அனுப்ப முடியுமா, பசங்களுக்குக் காதடைப்பான் உண்டா என்றும் கேளுங்கள். சிரிப்பார். அட்வான்ஸை அதற்கப்புறம் கொடுங்கள்.