ரூட்டே எங்களிடம்தானே!

காசிமேட்டில் விசைப்படகு ஒன்றுக்கு ஐஸ், டீசல் கணக்கு எழுதும் பையன், 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 இயங்குதளத்தைக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தான் என்று வைத்துக்கொள்வோம். காசில்லை, வைரஸ் தொல்லை குறைவு, கட்டற்ற மென்பொருள் என்ற பெருமை வேறு. தன் ஃபைலைத் தேட, டாஷ் என்ற தேடல் பெட்டியில் 'ஐஸ் பில்' என்று தட்டுகிறான். தட்டிய எழுத்துகள் உபுண்டுவைத் தயாரிக்கும் கெனானிக்கல் கம்பெனியின் சர்வருக்குப் போய், அமேசான் சரக்கைக் கையோடு கூட்டிவருகின்றன. தேடியது சொந்த ஹார்ட் டிஸ்க்கில். கடை விரிந்தது அமெரிக்காவில்!

கெனானிக்கல் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் 2002-இல் விண்வெளிக்கே போய்வந்தவர். அங்கிருந்து தெரியாத காசிமேட்டு ஐஸ் பில், இப்போது தெரிந்தது. 'எங்களை நம்பவில்லையா? ரூட் அதிகாரமே (கம்ப்யூட்டரின் முழுக் கட்டுப்பாடு) எங்களிடம்தானே இருக்கிறது' என்கிற பாணியில் ஆறுதல் சொன்னார். கேட்டவர்களுக்கு இருந்த கொஞ்ச தூக்கமும் போனது. டிசம்பரில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே சொல்லிவிட்டார்.

வேண்டாமென்றால் செட்டிங்ஸில் பிரைவசி பக்கம் போய் அணைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எண்ணூர்க்காரர்களுக்கு இந்த நியாயம் பழக்கம்: புகை விடுவது ஆலைகளின் வசதி, மூக்கைப் பொத்துவது நம் சுதந்திரம்.

2016 ஏப்ரலில், 16.04 பதிப்பில், இதைத் தாங்களாகவே அணைத்துவைத்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: மூலநிரல் திறந்திருந்ததால் எது எங்கே போகிறதென்று பார்க்கவாவது முடிந்தது. மூடிய மென்பொருளில் இந்தச் சண்டையே வராது; 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்திவிட்டு நாமே நிம்மதியாகிவிடுவோம்.