கேஸ்தான், வேற ஒண்ணுமில்ல

ராஜபாளையத்திலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சரி, நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைகிற இந்த ஆசாமியை நர்சுகள் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். இடது கை நெஞ்சில், வலது கையில் பாதி குடித்த சோடா, பின்னால் முதுகை நீவியபடி ஒரு மைத்துனர். "கேஸ்தான் சார், வேற ஒண்ணுமில்ல. ஒரு ஊசி போட்டு அனுப்பி விட்ருங்க." நோயின் பெயர், காரணம், மருந்து எல்லாவற்றையும் அவரே முடிவு செய்துவிட்டதால், டாக்டருக்கு மிச்சமிருப்பது ஊசி குத்துகிற வேலை மட்டும். ஈசிஜி என்றால் போதும், முகம் மாறிவிடும். "கேஸுக்கு எதுக்கு சார் ஈசிஜி?" ஓமத்திரவம், பெருங்காய மோர், சுக்குத்தண்ணி என்று வீட்டு வைத்தியம் மொத்தத்தையும் முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார். அதாவது, வலி ஆரம்பித்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. பஞ்சாலையில் ஷிப்டு முடிந்து ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்றுவிட்டு உடனே பாயை விரித்தால், இரைப்பையின் அமிலம் மேலேறி நெஞ்சைக் கரிக்கத்தான் செய்யும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கால் கிலோ காலி செய்தவருக்கு வயிறு உப்புவதிலும் அதிசயமில்லை. வளர்ந்தபின் நம்மில் பலருக்குப் பாலின் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. ஆனால் அந்தச் சர்க்கரை புளித்து வாயுவாவது பெருங்குடலில். இவர் கை வைத்துக் காட்டுவதோ நெஞ்சுக்குழியில். வாயு ஓர் இடத்தில், புகார் வேறிடத்தில் என்றால் கொஞ்சம் விசாரிக்க வேண்டாமா?

அவருடைய பெரிய சாட்சி ஏப்பம். "ஏவ்வ்" என்று ஒன்று வந்ததும் வீடே மூச்சுவிடும். கேஸ் என்று தீர்ப்பாகிவிடும். ஆனால் சோடா என்பதே வாயுவை அழுத்தி அடைத்த தண்ணீர். ஏப்பமாக வெளியே வருவது, பத்து நிமிஷத்துக்கு முன்னால் காசு கொடுத்து வாங்கி அவரே உள்ளே அனுப்பிய வாயு. அதுவும் போக, இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. அந்த அடிச்சுவரில் மாரடைப்பு வந்தால் குமட்டல், வாந்தி, ஏப்பம் என்று வயிற்றின் வேஷத்தில் வரலாம். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் வரும். வயிற்று மருந்து குடித்ததும் கொஞ்சம் தணிந்தது என்பதும் இதயத்துக்கு நற்சான்று ஆகாது. இத்தனை இருந்தும் கேஸ் என்று அடித்துச் சொல்கிறார் என்றால், அது நோயறிதல் அல்ல, வேண்டுதல். மாரடைப்பு என்ற சொல்லை வாசலிலேயே நிறுத்திவைக்க அவர் வைத்திருக்கிற காவலாளிதான் கேஸ்.

"அப்படி வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கேஸ்தானே இருக்கு? சும்மா பயங்காட்டி ஆஸ்பத்திரியை ரொப்பவா?" என்று கேட்கலாம். பலருக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பலரில் தானும் ஒருவரா என்பதை மைத்துனர் முதுகை நீவிக் கண்டுபிடிக்க முடியாது. ஈசிஜிக்குச் சில நிமிஷம் போதும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும், சற்றுப் பொறுத்து இன்னொன்று எடுத்து ரத்தத்தில் இதயச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும் பார்ப்பார்கள்; அதற்குள் "அதான் நார்மல்னு வந்துருச்சே" என்று செருப்பைத் தேடக்கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு முதல் சில மணி நேரத்தில்தான் முழு வேகம் இருக்கும்; சோடாவில் போன மூன்று மணி நேரம் அந்தக் கணக்கில்தான் கழியும். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மதுரைக்கு அனுப்புவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே, அண்ணாச்சி, அது கேஸாகவே இருக்கட்டும். டாக்டர் வாயால் அதைக் கேட்டுக்கொண்டு வந்து அப்புறம் சோடாவை உடையுங்கள். 108 வண்டிக்குக் காசு கிடையாது.