சனி இரண்டு தடவை குடிபோன கதை

வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதை அளக்க ல ஜாந்தீல் என்ற பிரெஞ்சுத் துரை புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761-இல் ஊரை நெருங்கினால், அது ஆங்கிலேயர் கையில். கடப்பு நடந்தபோது அவர் நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் என்னத்தை அளப்பது? மனுஷர் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த கடப்பு எட்டு வருஷத்தில் என்று இந்தியப் பெருங்கடலையே சுற்றினார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் எல்லாம் தயார். மேகம் வந்து மூடியது; கடப்பு முடிந்ததும் மரியாதையாக விலகியது. ஊர் திரும்பினால், அவர் செத்தாயிற்று என்று வாரிசுகள் சொத்தைப் பங்குபோட்டுக் கொண்டிருந்தார்கள்.

புதுச்சேரியில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல், சோழிகளை வரிசையாக அடுக்கிக் கிரகணம் கணித்த ஒரு தமிழர். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் என்பதில் சோழிக்கு 41 விநாடி பிசகு. ஐரோப்பாவே கொண்டாடிய டோபியாஸ் மேயரின் அட்டவணைக்கு 68 விநாடி.

உடனே மார்தட்ட வேண்டாம். 1825-இல் வானியலாளர் ஜான் வாரன் அதே ஊரில் இன்னொரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். கோட்பாட்டில் ஒரு வார்த்தையும் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் அபாரம் என்று வாரனே எழுதிவைத்திருக்கிறார். அவர் கணித்த சந்திர கிரகணத்தின் தொடக்கத்தில் பிசகு நாலே நிமிஷம். முடிவில் 52 நிமிஷம்!

பஞ்சாங்கத்தின் இந்தக் கோளாறை ஊருக்குச் சொல்லப் புறப்பட்டவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பரம்பரையே பஞ்சாங்கம், வேலையோ சென்னை வானாய்வகத்தில். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். 1874 டிசம்பர் 9 வெள்ளிக் கடப்பை விளக்கி ஆங்கிலத்தோடு நம்மூர் மொழிகளிலும் சிறுநூல் போட்டார். அதுவரை யாருக்கும் வலிக்கவில்லை. கண்ணால் பார்ப்பதோடு பஞ்சாங்கம் ஒத்துப்போக வேண்டும் என்றாரே, அங்கேதான் வினை. வெள்ளி எங்கே போனால் நமக்கென்ன? திதி மாறினால் தாத்தா திவசம் மாறிவிடுமே!

கும்பகோணத்தில் இருந்த சங்கர மடமே, கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும் திருக்கணிதத்தின் பக்கம் சாய்ந்தது. பக்கத்துத் திருநள்ளாற்றுச் சனி பகவான் கோயில் அசையவில்லை. திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரி 17-இல் கும்ப ராசிக்குப் போனார். திருநள்ளாற்றில் பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20-இல்தான் பெயர்ந்தார். நடுவில் பதினோரு மாதம் அவர் எந்த வீட்டில் சாப்பிட்டார் என்று எந்தத் தொலைநோக்கியும் சொல்லாது. கூட்டமோ டிசம்பருக்குத்தான்.

கொஞ்சம் தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயிலில் இந்த வில்லங்கமே கிடையாது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. மாதா எந்த ஜோசியரையும் கேட்பதில்லை. வானத்துக்கும் நாட்காட்டிக்கும் உள்ள அந்தச் சண்டையை ரோமாபுரியில் 1582-லேயே போட்டு முடித்துவிட்டார்கள்: போப் பதின்மூன்றாம் கிரகோரி உத்தரவு போட, அக்டோபர் 4 ராத்திரி படுத்தவர்கள் 15-ஆம் தேதி காலையில் எழுந்தார்கள். திவசத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை போலும்.