கேட்டீர்கள்... சொல்கிறோம்!

கேள்வி: லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துச் சிதம்பரத்தில் பஸ் ஏறுகிறேன். கடலூரில் இறங்கினால் பை சுடுகிறது, பேட்டரி பாதி காலி. இது தூங்குகிறதா, நடிக்கிறதா?
– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: உங்கள் ஊர்க்காரருக்கு இந்தச் சந்தேகம் வரலாமா? நடராஜர் ஆடிக்கொண்டிருக்கும் அதே கோயிலில் கோவிந்தராஜப் பெருமாள் படுத்திருக்கிறாரே, அந்த அறிதுயில்தான் இது. கண் மூடியிருக்கும், மெயில் வந்தால் தெரியும். புது விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் 'எஸ்0' என்ற இந்த அரைத்தூக்கம்தான். அசந்து தூங்கும் 'எஸ்3' பெரும்பாலும் பழைய மாடல்களோடு போயிற்று.

உங்களுடையது எந்த ரகம்? கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஏ' என்று அடியுங்கள். எந்தெந்தத் தூக்கம் வரும், எது வராது, ஏன் என்று புட்டுப்புட்டு வைக்கும். எஸ்0 என்றால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ஏ'க்குப் பதில் 'ஸ்லீப்ஸ்டடி' போடுங்கள். தூக்கத்தில் பேட்டரியைத் தின்றது யார் என்று அறிக்கையே வரும். வைஃபை மீது எனக்குச் சந்தேகம். எழுப்பிவிட்ட ஆளைப் பிடிக்க 'லாஸ்ட்வேக்'.

பையில் வைப்பதானால் ஹைபர்னேட்தான் சரி. நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். அதற்குக் கட்டளை: 'ஷட்டவுன்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஹெச்'. லேப்டாப் தூங்கிவிடும். பஸ்ஸில் போடும் பாட்டுக்கு நடுவே நீங்கள் தூங்கத்தான் கட்டளை இல்லை.